மேகமும் வெள்ளமும்: உடல் உணராத நோயைப் படம் காணும்போது

நோய் எப்போது தொடங்குகிறது என்ற கேள்வியை மருத்துவம் எழுப்பலாம். மருத்துவம் மட்டும் அதற்கு விடை சொல்லிவிட முடியாது. உடலைக் காக்க வேண்டிய அமைப்பே உடலைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களில் இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுகிறது. தோல், மூட்டு, இரத்தக்குழாய், நுரையீரல் என எல்லா உறுப்புகளையும் தாங்கிப் பிணைத்து நிற்கும் இணைப்புத்திசுவைப் பற்றும் நோய்கள் இவ்வகையில் பல. லூபஸ், தோலிறுக்க நோயான சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ், ஷோக்ரன் நோய், தசையழற்சி ஆகியவை அவற்றுள் அடங்கும். இவை ஒரே நாளில் வந்து விழுவதில்லை. அமெரிக்கப் படையினரிடம் எடுத்துச் சேமித்து வைத்திருந்த பழைய இரத்த மாதிரிகளை ஆராய்ந்து 2003இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பின்னாளில் லூபஸ் வந்த 130 பேரில் 88 விழுக்காட்டினரின் இரத்தத்தில், நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே, சிலரிடம் ஒன்பது ஆண்டுகளுக்கும் முன்பே, தன்னெதிர்ப்பொருள்கள் இருந்தன. அந்த ஆண்டுகளில் அவர்கள் நோயாளிகளா, நலமுள்ளவர்களா?

இந்திய மெய்யியலில் இக்கேள்விக்கு நெடிய முன்வரலாறு உண்டு. காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறது, பாலுக்குள் தயிர் இருப்பதைப்போல, என்று சாங்கியம் சொன்னது. இது சற்காரியவாதம், சைவ சித்தாந்தமும் இதையே ஏற்கிறது. காரியம் முன்பு இல்லாதது, புதிதாகத் தோன்றுவது என்று நியாய வைசேடிகர் மறுத்தனர். இது அசற்காரியவாதம். “நோய் உள்ளே இருக்கிறது, இன்னும் வெளிப்படவில்லை” என்று சொல்லும் மருத்துவர் தம்மை அறியாமலே முதல் கட்சியில் நிற்கிறார். “இன்னும் நோய் எதுவும் இல்லை, வந்தால் பார்த்துக்கொள்ளலாம்” என்பவர் இரண்டாம் கட்சி. முன்பெல்லாம் இந்த வேறுபாட்டால் எவருடைய வாழ்வும் மாறவில்லை. உள்ளே இருப்பதைக் காட்டும் கருவிகள் வந்தபின் மாறுகிறது.

அக்கருவிகளில் மிக எளியது நகக்கண்ணைப் பார்க்கும் நுண்ணோக்கி. பாரிஸில் மோரிஸ் ரேனோ 1862இல் தம் மருத்துவ ஆய்வேட்டில் விவரித்த ஒரு நிலை அவர் பெயரிலேயே வழங்குகிறது. குளிர் பட்டாலோ மனம் பதறினாலோ விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவக்கும். இது நூற்றில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இருக்கக்கூடியது. பெரும்பாலோருக்கு அதற்குமேல் எதுவும் நேர்வதில்லை. சிலருக்கு மட்டும் தோலிறுக்க நோயின் முதல் தட்டல் இதுவே. இருவரின் விரலும் வெளியில் ஒன்றுபோலவே வெளுக்கும். வேறுபாடு நகத்தின் அடிவிளிம்புத் தோலில் தெரிகிறது. உடலின் மற்ற இடங்களில் தோலுக்குச் செங்குத்தாக நிற்கும் இரத்தத் தந்துகிகள் அங்கே மட்டும் தோலுக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. ஒரு துளி எண்ணெய் விட்டு இருநூறு மடங்கு பெருக்கிப் பார்த்தால் கொண்டை ஊசிகளை வரிசையாக அடுக்கியதுபோல் அவை தெரியும். நோயை நோக்கிச் செல்பவரின் விரலில் அந்த வரிசை குலைகிறது. சில தந்துகிகள் 50 மைக்ரோமீட்டருக்கும் மேல் பருத்துவிடுகின்றன. நுண்ணிய இரத்தக்கசிவுகள் புள்ளிகளாகத் தோன்றுகின்றன. காலப்போக்கில் தந்துகிகளே மறைந்து வெற்றிடம் மிஞ்சுகிறது. பிரௌனும் ஓ'லியரியும் 1925இலேயே இதைக் கவனித்து எழுதினர். 1970களில் ஹில்டகார்ட் மாரிக் இதை நோய்க்குரிய தனி வடிவமாக வரையறுத்தார். 2000இல் ஜெனோவாவின் மௌரிசியோ குட்டோலோவும் உடனாய்வாளர்களும் ஆரம்பம், தீவிரம், முதிர்வு என மூன்று நிலைகளாகப் பிரித்தனர். ஊசி குத்துவதில்லை, கதிர்வீச்சு இல்லை. நோயாளி அறை வெப்பத்தில் கால் மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்துவிட்டு விரலை நீட்டினால் போதும்.

இந்தப் படம் எதைக் காட்டுகிறது? பருத்த தந்துகியை என்பது நேர்விடை. அது காட்சி. தோலிறுக்க நோய் என்பது அக்காட்சியிலிருந்து செய்யப்படும் அனுமானம். இரண்டும் ஒரே திரையில் ஒரே நொடியில் நிகழ்வதால் ஒன்றென மயங்குவது எளிது. மருத்துவப் படங்களைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில், வஞ்சி நகரத்து அளவைவாதி அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என மூன்றாக வகுக்கிறான். காட்டில் பிளிறல் கேட்டு யானை உண்டென அறிவது பொது. ஆற்றில் வெள்ளம் கண்டு மேலே மழை பெய்தது என்று அறிவது எச்சம். கருத்த மேகத்தைக் கண்டு மழை பெய்யும் என்பது முதல். எச்சம் காரியத்திலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கிப் போகிறது. முதல் காரணத்திலிருந்து காரியத்துக்கு முன்னோக்கிப் போகிறது.

நூறாண்டுக்கும் மேலாக மருத்துவப் படம் பெரும்பாலும் எச்ச வகையாகவே இருந்தது. நுரையீரலின் அடிப்பகுதி தேன்கூடுபோலக் குழிந்து தெரியும் சி.டி. படம் வெள்ளம், மழை பெய்து ஓய்ந்ததில் ஐயமில்லை. எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரம் அரித்துத் தெரிவதும் அப்படியே. பருத்த தந்துகியோ மேகம். உமிழ்நீர்ச் சுரப்பியின் அல்ட்ராசவுண்டில் தெரியும் கருந்திட்டுகளும், வீங்காத மூட்டில் எம்.ஆர்.ஐ. காட்டும் மெல்லிய அழற்சியும் பெரும்பாலும் மேகங்களே. முன்கூட்டியே நோயறிதல் என்று இன்று பெருமையோடு சொல்லப்படுவது, மருத்துவம் வெள்ளத்தைப் படிப்பதிலிருந்து மேகத்தைப் படிப்பதற்கு நகர்ந்திருப்பதுதான். அந்த நகர்வு நல்லது. ஆனால் மேகத்தைப் பற்றிப் பேசும் மொழி வெள்ளத்தைப் பற்றிப் பேசும் மொழியாக இருக்கக் கூடாது.

மேகம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு ஓரளவு கணக்கு இருக்கிறது. ரேனோ நிலை மட்டும் கொண்ட 586 பேரைக் கனடாவில் இருபதாண்டு காலத்தில் பின்தொடர்ந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. நகக்கண் தந்துகி மாற்றமும் தோலிறுக்க நோய்க்கே உரிய எதிர்ப்பொருளும் சேர்ந்து இருந்தவர்களில் சுமார் 80 விழுக்காட்டினருக்கு நோய் உறுதியானது. இரண்டும் இல்லாதவர்களில் 2 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்கே வந்தது. கருமேகம் கண்டால் ஐந்தில் நான்கு முறை மழை. வானத்தைப் பார்த்து விதைக்கும் உழவருக்கு இது போதுமான செய்தி. விடுபட்ட அந்த ஐந்தாமவருக்கு?

எல்லை எங்கே என்ற சிக்கலை எண்களே வெளிப்படையாக்குகின்றன. தோலிறுக்க நோயை வகைப்படுத்த 2013இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டியல் அமைப்புகள் சேர்ந்து வகுத்த விதிகளில் ஒவ்வோர் அடையாளத்துக்கும் மதிப்பெண் உண்டு. ரேனோ நிலைக்கு 3, உரிய எதிர்ப்பொருளுக்கு 3, நகக்கண் தந்துகி மாற்றத்துக்கு 2. மொத்தம் 9 வந்தால் நோய் என்று கொள்ளப்படும். மேலே சொன்ன, ஐந்தில் நான்கு பங்கு வாய்ப்புள்ள மனிதர் பெறுவது 8. நாளை அவர் விரல்கள் சற்றே உப்பினால் இன்னும் 2 சேர்ந்து 10 ஆகிவிடும். இன்று இரவு நோயில்லாதவராகப் படுத்து நாளைக் காலை நோயாளியாக எழுந்தார் என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. இவ்விதிகள் ஆய்வுகளுக்கு ஆட்களைத் தெரிவுசெய்ய எழுதப்பட்டவை. ஒருவரை நோயாளி என்று தீர்ப்பளிக்க எழுதப்பட்டவை அல்ல. இருந்தும் நடைமுறையில் அவை தீர்ப்பாகவே வாசிக்கப்படுவது வருந்தத்தக்கது.

பாலைப் பற்றிய பழைய வாதம் இங்கே உயிர் பெறுகிறது. உறை ஊற்றிய பால் எந்த நொடியில் தயிராகிறது என்று எந்தச் சமையலறையிலும் எவரும் சொன்னதில்லை. ஆனால் உறை ஊற்றாத பால் தயிராகாது என்பது எல்லோருக்கும் தெரியும். சற்காரியவாதத்தை ஏற்கும் சைவ சித்தாந்தமே காரணத்தை மூன்றாகப் பிரிப்பது இதனால்தான். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். மண்ணில் குடம் இருக்கிறது என்றாலும் மண் தானாகக் குடமாகாது. தன்னெதிர்ப்பு நோயிலும் மரபணு அமைப்பு ஒன்று, புறத்தூண்டல் மற்றொன்று. சிலிக்கா தூசியில் உழைத்தவர்களுக்குத் தோலிறுக்க நோய் கூடுதலாக வருவது நன்கு அறியப்பட்ட செய்தி. பௌத்தம் இரு கட்சியிலும் சேராமல் மூன்றாவது வழியைச் சொன்னது: சார்புகள் கூடும்போது தோன்றுகிறது, கூடாதபோது தோன்றுவதில்லை. மணிமேகலை முப்பதாம் காதையில் விரியும் பன்னிரு நிதானங்களின் அடிப்படை இதுவே. இணைப்புத்திசு நோய்களைப் பற்றி இன்று அறியப்பட்டவற்றோடு மூன்றில் இதுவே நெருங்கிப் பொருந்துகிறது. 8 மதிப்பெண் பெற்றவரிடம் சார்புகள் சில கூடியிருக்கின்றன, சில இன்னும் கூடவில்லை. எந்தப் பெயருக்குள்ளும் அடங்காமல் ‘வகைப்படாத இணைப்புத்திசு நோய்’ என்ற பெயரோடு ஆண்டுக்கணக்கில் அப்படியே வாழ்ந்து முடிப்பவர்களும் உண்டு. முளைக்காத விதை என்று அவர்களைச் சொல்வதும் பிழையே. அவர்கள் எதன் முன்னுரையும் அல்ல.

அப்படியானால் எது இயல்பு, எது பிறழ்வு? அமெரிக்க மெய்யியலாளர் கிறிஸ்டோபர் பூர்ஸ் 1977இல் ஒரு விடை தந்தார். தன் இனத்துக்கும் வயதுக்கும் உரிய சராசரிச் செயல்திறனிலிருந்து ஓர் உறுப்பு தாழ்ந்தால் அது நோய். மனிதர் அதை உணர்கிறாரா என்பது வேறு கேள்வி. இவ்விடையைப் பின்பற்றினால் பருத்த தந்துகியே நோய். பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெரிஷ் 1936இல் வேறொன்று சொன்னார்: உறுப்புகள் மௌனமாக இருக்கும் வாழ்வே நலம் என்பது அவர் கருத்தின் சாரம். அவரைப் படித்து, அவரோடு வாதிட்டு, ஜார்ஜ் காங்கிலெம் 1943இல் இயல்பையும் பிறழ்வையும் பற்றிய தம் ஆய்வேட்டை எழுதினார். நோயுற்றதாக உணரும் மனிதர்கள் இருப்பதால்தான் மருத்துவம் இருக்கிறது, நோய் என்ற அறிவே அவர்களிடமிருந்து வந்தது என்பது அவர் நிலை. ஆய்வகம் ஒருவரை அவர் உணருமுன் நோயாளி என்று அழைக்க முடிவதும், முன்பு அதே நோயை உணர்ந்து துன்புற்றவர்கள் இருந்ததால்தான். 586 பேரின் இருபதாண்டுத் துன்பமும் நலமும்தான் இன்றைய பருத்த தந்துகிக்குப் பொருள் தருகிறது. படத்துக்குத் தனியே பொருள் கிடையாது. காங்கிலெம் பக்கமே நியாயம் கூடுதலாக இருக்கிறது.

அதற்குச் சான்று நலமுள்ளவர்களின் படங்களே. நெதர்லாந்தின் லைடன் நகரில் மூட்டுவலி எதுவும் இல்லாத 193 பேரின் கை, கால் மூட்டுகளை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பத்தில் ஏழு பேருக்கும் மேலாக அழற்சியின் ஏதோ ஓர் அடையாளம் தெரிந்தது. வயது கூடக்கூட அதுவும் கூடியது. இரத்தத்திலும் இதே கதை. உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள், நாற்பதில் ஒரு பங்கு நீர்த்த நிலையில், நலமுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இருப்பதாக 1997இல் ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. உடல் தன்னை அடையாளம் கண்டு தாக்காமல் விடுவதே நலம் என்று மக்ஃபார்லேன் பர்னெட் 1949 முதல் வளர்த்த ‘தான்–அயல்’ கோட்பாடு நெடுங்காலம் நோயெதிர்ப்பியலை ஆண்டது. தானுக்கும் அயலுக்கும் இடையே அது வரைந்த கோட்டை இவ்வெண்கள் தேய்க்கின்றன. தன்னோடு சிறிதளவு மோதுவது எல்லா உடலிலும் நிகழ்கிறது. மோதல் அடங்காமல் வளர்வதுதான் நோய். (நோயெதிர்ப்பியலின் ‘தான்’ என்ற சொல்லை ஆன்மா, அனான்மா வாதத்தோடு இணைத்துப் பேசுவது கவர்ச்சியானது. ஆனால் அது ஒரு வேதியியல் அடையாளத்தின் பெயர். ஆன்மாவைப் பற்றி அது எதையும் நிறுவுவதில்லை, மறுப்பதும் இல்லை.)

வெளிப்படுமுன் நோயை அறிவது இந்நாட்டு மருத்துவத்துக்கும் புதிதல்ல. சுசுருத சம்கிதை ஆறு கிரியாகாலங்களைச் சொல்கிறது: தோஷம் சேர்தல், கிளர்தல், பரவுதல், ஓரிடத்தில் நிலைகொள்ளல், வெளிப்படல், முற்றிச் சிதைதல். நோயாக வெளிப்படுவது ஐந்தாவதில்தான்; முந்தைய நான்கிலேயே மருத்துவர் தலையிட வேண்டும் என்பது அதன் கருத்து. ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. முதல் நிலைக்கே வயிறு கனத்தல் போன்ற உணரத்தக்க குறிகளை அந்நூல் தருகிறது. அங்கே உடல் முதலில் மெல்லப் பேசியது, மருத்துவர் கூர்ந்து கேட்டார். இன்றைய படம் உடல் வாய் திறக்காதபோதே பேசிவிடுகிறது.

இதன் விளைவை உணர்த்தப் பௌத்தத்தின் ஒரு பழைய உவமை உதவுகிறது. சம்யுத்த நிகாயத்தின் சல்ல சுத்தத்தில், அம்பு பட்ட மனிதன் அதை எண்ணி வருந்தும்போது இரண்டாம் அம்பாலும் தாக்கப்படுகிறான் என்று புத்தர் விளக்குகிறார். முதலாவது உடல் வலி, இரண்டாவது மனத்தின் வலி. பயிற்சியால் இரண்டாவதைத் தவிர்க்கலாம் என்பது போதனை. முன்கூட்டிய படம் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. உடலில் அம்பு தைக்கவில்லை, தைக்காமலே போகலாம், மனத்தில் மட்டும் முன்னதாகவே பாய்ந்துவிடுகிறது. இளம்பெண் ஒருத்தி மூட்டுவலி இல்லாமல், மூச்சுத் திணறல் இல்லாமல், ‘தோல் இறுகும் நோய்’ என்ற சொற்களோடு வீடு திரும்புகிறாள். திருமணம், பிள்ளைப்பேறு, வேலை, காப்பீடு எல்லாம் அந்தச் சொற்களின் நிழலுக்குள் வருகின்றன. இத்துன்பம் உண்மையானது. மருத்துவக் கணக்குகளில் அது ‘பக்க விளைவு’ என்ற பத்தியில்கூட எழுதப்படுவதில்லை.

அதனால் பார்க்காமலே இருந்துவிடலாம் என்பதும் சரியாகாது. எப்போது பார்ப்பது நியாயம் என்பதை முடிவு செய்வதில் மீட்சி என்ற ஒன்று பெரிதும் எடை பெறுகிறது. தோலிறுக்க நோயில் உயிரைப் பறிப்பவற்றுள் நுரையீரல் தழும்பேற்றமும் நுரையீரல் இரத்தக்குழாய் அழுத்தமும் முதன்மையானவை. தழும்பேறிய நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. 2019 முதல் இதற்கு அனுமதி பெற்ற நின்டெடானிப் மருந்து சரிவை மெதுவாக்குகிறது. இழந்ததைத் திருப்பித் தருவதில்லை. தொடக்கத்தில் மூச்சு வாங்காது. மூச்சளவுச் சோதனையும் இயல்பாகவே இருக்கக்கூடும். மெல்லிய அடுக்குகளாக எடுக்கும் உயர்துல்லிய சி.டி. மட்டுமே புகைபடிந்த கண்ணாடிபோல் மங்கிய இடங்களைக் காட்டும். அங்கே உடலின் மௌனத்தை நம்பிக் காத்திருப்பது தவறு. நோய் உறுதியான ஒவ்வொருவருக்கும் தொடக்கத்திலேயே இப்படம் எடுக்க வேண்டும் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

மூட்டுகளின் நிலை வேறு. இக்குடும்பத்தோடு நெருங்கிய முடக்குவாதத்தில், மூட்டுவலி மட்டும் இருந்து வீக்கம் இல்லாத, ஆனால் எம்.ஆர்.ஐ.யில் அழற்சி தெரிந்த 236 பேரை லைடன் குழுவினர் சோதித்தனர். பாதிப் பேருக்கு ஓராண்டு மெத்தோட்ரெக்சேட் தரப்பட்டது. 2022இல் வந்த முடிவு எதிர்பார்த்ததுபோல் இல்லை. மருந்து நோய் வருவதைத் தடுக்கவில்லை. இரு பிரிவிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இரண்டாண்டுக்குள் மூட்டழற்சி வந்தது. ஆனால் மருந்து பெற்றவர்களுக்கு வலியும் காலை நேர விறைப்பும் குறைந்தன, அன்றாட வேலை எளிதானது. மேகத்தைக் கலைக்க முடியவில்லை, நனைவது குறைந்தது. தோல்வி என்று இதைச் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் ‘வருமா வராதா’ என்று மட்டும் கேட்டார்கள். இன்று எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தால் வேறு விடை கிடைத்திருக்கும். அந்த 236 பேரும் வலிக்கிறது என்று தாமாக வந்தவர்கள் என்பதும் முக்கியம். வலி இல்லாத 193 பேரிடம் தெரிந்த அதே நிழலுக்கு இதே மருந்தைத் தருவது அறமாகாது.

உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் 1968இல் எழுதிய நூல், நலமாக இருப்பவர்களிடம் நோயைத் தேடுவதற்குப் பத்து நெறிகளை வகுத்தது. நோயின் இயல்பான போக்கு நன்கு அறியப்பட்டிருக்க வேண்டும், ஏற்கத்தக்க சிகிச்சை இருக்க வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். பொதுமக்கள் எல்லோருடைய நகக்கண்ணையும் பார்ப்பது இந்நெறிகளுக்குப் பொருந்தாது. குளிரில் விரல் வெளுக்கிறது என்று சொல்லி ஒருவர் வந்தபின் பார்ப்பது பொருந்தும். அவர் உடல் ஏற்கெனவே ஒரு சொல் சொல்லிவிட்டது. படம் அச்சொல்லுக்கு உரை எழுதுகிறது. கேட்கப்பட்ட கேள்விக்கு விடை தேடுவதும், கேட்காதவர் கையில் விடையைத் திணிப்பதும் ஒன்றல்ல.

எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதே மிச்சம். வேறு காரணத்துக்காக எடுத்த சி.டி.யில் தற்செயலாகத் தெரியும் சிறு நுரையீரல் மாற்றங்களுக்கு, கதிரியல் அறிஞர்களின் ஃப்ளெய்ஷ்னர் சங்கம் 2020இல் ‘நோய்’ என்ற சொல்லைத் தவிர்த்து ‘பிறழ்வு’ என்ற பெயரையே உறுதிசெய்தது. சொல்லளவில் சிறியதாகத் தோன்றும் இம்முடிவு மேகத்தை மேகம் என்று அழைக்கும் நேர்மை. நகக்கண் அறிக்கையிலும் இது இயலும். கண்டது பருத்த தந்துகி என்று ஒரு வரி. இதுபோன்ற மாற்றம் உள்ளவர்களுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று எண்ணோடு ஒரு வரி. அடுத்து எப்போது பார்ப்பது என்று ஒரு வரி. காட்சி, அனுமானம், செயல் மூன்றும் அப்போது ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும்.

வானம் வெளுத்திருப்பதையும் இதே கருவிதான் காட்டுகிறது. விரல் வெளுத்து அஞ்சி வந்தவர்களில் பெரும்பாலோரின் நகக்கண்ணில் கொண்டை ஊசிகள் வரிசை குலையாமல் நிற்கின்றன. இரத்தத்தில் உரிய எதிர்ப்பொருளும் இல்லையென்றால் அவர்கள் கேட்டுச் செல்வது அந்த 2 விழுக்காட்டுக்கும் குறைந்த எண்ணை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், புகைபிடிக்காதீர்கள் என்ற அளவில் அறிவுரை முடிகிறது.